படை விட்டு வந்தவருக்கு எந்தக் கல்லூரி?

சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தேன். என் சிற்றப்பா 17 ஆண்டுகள் படையில் பணியாற்றி, 36 வயதில் ஓய்வு பெற்று வந்திருந்தார். பட்டம் பெற வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஒரு கல்லூரிக்குச் சென்று விண்ணப்பம் கேட்டாராம். "பிள்ளைக்கா, உங்களுக்கா?" என்று கேட்டு அங்கிருந்த எழுத்தர் சிரித்தாராம். சிற்றப்பா ஒன்றும் பேசாமல் திரும்பிவிட்டார்.

"நீதான் பெரிய படிப்புப் படிக்கிறாயே! எந்தக் கல்லூரிக்குப் போகலாம், சொல்லப்பா" என்றார் என்னிடம். எனக்கு விடை தெரியவில்லை. வெட்கத்தோடு இங்கே திரும்பினேன், நூலகத்தில் தேடினேன். அங்குக் கற்றதைச் சொல்கிறேன்.

இதே கேள்வியை ஒரு நாடே எதிர்கொண்டதுண்டு. இரண்டாம் உலகப் போர் முடியுமுன்பே, 1944 ஜூன் 22ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன்படி, படை விட்டு வந்தவர் படிப்பதற்கு ஆண்டுக்கு 500 டாலர் வரை அரசே கட்டணம் செலுத்தியது. செலவுக்குத் தனியாளுக்கு மாதம் 50 டாலர்; குடும்பம் உடையவருக்கு 75 டாலர். கல்வியின் தரம் கெட்டுவிடும் என்று சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ் போன்றோர் அஞ்சினர். நடந்ததோ வேறு. 1947இல் அந்நாட்டுக் கல்லூரி மாணவருள் ஏறத்தாழப் பாதிப் பேர் முன்னாள் படைவீரர்கள். அவர்கள் கருத்தூன்றிப் படித்தார்கள்.

எனினும் பணம் மட்டும் போதவில்லை. மனைவி மக்களோடு வந்தவர்களுக்காகப் பல கல்லூரிகள் தகரக் கொட்டகைகளை வீடுகளாக்கித் தந்தன. மறுபுறம், அரசுப் பணத்தைக் குறிவைத்துத் தகுதியற்ற தொழிற்பள்ளிகளும் முளைத்தன. தென் மாநிலங்களில் கறுப்பின வீரருக்கு வெள்ளையர் கல்லூரிகள் கதவு திறக்கவில்லை. அவர்களுக்கென இருந்த கல்லூரிகளில் இடம் போதவில்லை. சட்டம் ஒன்றுதான், வாயில் எல்லார்க்கும் ஒன்றாக இல்லை.

நம் நாட்டிலும் வழிகள் உண்டு. 1985இல் தோன்றிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வயது ஒரு தடையன்று. 2022இல் அக்னிபத் திட்டம் வந்தபோது, படைப் பயிற்சியையே பட்டப்படிப்பின் பாதிக் கிரெடிட்டாக ஏற்கும் படிப்பும் அறிவிக்கப்பட்டது.

ஆகவே கல்லூரியின் பெயரைக் கேட்குமுன் இவற்றைக் கேட்க வேண்டும் என்று சிற்றப்பாவுக்கு எழுதினேன்:

1. பட்டத்துக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏற்பு உண்டா?
2. படையில் பெற்ற பயிற்சியைக் கணக்கில் கொள்வார்களா?
3. முன்னாள் படைவீரருக்குக் கட்டணச் சலுகை உண்டா?
4. குடும்பத்தைக் காப்பவர் வரத்தக்க நேரத்தில் வகுப்பு நடக்கிறதா?
5. மறந்துபோன கணக்கையும் ஆங்கிலத்தையும் மீண்டும் சொல்லித்தர ஆள் உண்டா?

அவர் மூன்று கல்லூரிகளில் கேட்டார். பெயர் பெற்ற இரண்டை விட்டு, மூன்றாவதில் மாலை வகுப்பில் சேர்ந்தார். காரணம் கேட்டேன். "அரை மணி முன்னதாக வாருங்கள், கணக்கு நான் சொல்லித் தருகிறேன் என்று ஒரு வாத்தியார் சொன்னாரப்பா" என்றார்.

நண்பர்களே! நாளை நம் வகுப்பிலும் நரை தொட்ட ஒருவர் தயங்கி வந்து நிற்கலாம். சற்று நகர்ந்து இடம் கொடுப்போம். ஒரு கல்லூரி நல்லதா அன்றா என்பதை அவர் நம்மைக் கொண்டே அறிவார்.