ஃபெர்னாண்டோ என்ற பெயரும் நம் பூர்வீகமும்

அன்பு மருமகனுக்கு,

குடும்பத்தின் பூர்வீகத்தைத் தேடப் போகிறாய் என்பதில் எனக்கு நிறைந்த மகிழ்ச்சி. ஆனால் ‘ஃபெர்னாண்டோ’ என்ற பெயரை வைத்து, நம் முன்னோர் போர்ச்சுக்கல்லிலிருந்து வந்தவர்கள் என்று முடிவுகட்டிவிடாதே. 1530களில் நம் முத்துக்குளித்துறைக் கரைப் பரதவர்கள் திரள்திரளாக ஞானஸ்நானம் பெற்றபோது போர்ச்சுக்கீசியப் பெயர்களும் அவர்களை வந்துசேர்ந்தன. அந்தப் பெயர் இரத்தவழியைச் சொல்லாது. யாரோடு உறவு பூண்டோம் என்பதைத்தான் சொல்லும். நாடுகளும் இப்படித்தான், வெளியிலிருந்து வந்தவரைத் தங்கள் பாதுகாவலராக ஏற்றுக்கொள்கின்றன. அயர்லாந்தின் பாதுகாவலரான பேட்ரிக் பிரித்தானியாவில் பிறந்து, அடிமையாகப் பிடித்துச் செல்லப்பட்டவர். அவரே அதை எழுதிவைத்திருக்கிறார். ஸ்காட்லாந்தின் பாதுகாவலரான அந்திரேயா கலிலேய மீனவர். 1320இல் ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் தங்கள் சுதந்திரத்தை வலியுறுத்திப் பாப்பரசருக்கு அனுப்பிய ஆர்புரோத் மடலிலும் அவர் பெயர் இருக்கிறது. ‘நாங்கள் தனி மக்கள்’ என்று உரக்கச் சொன்ன நேரத்திலும் வேற்று நாட்டார் ஒருவரைத்தான் அவர்கள் சொந்தம் கொண்டாடினார்கள். 1542இல் மறைபரப்ப நம் கரைக்கு வந்த சவேரியாரும் நவார் நாட்டில் பிறந்தவரே.

‘பாதுகாப்புக்காக மதம் மாறியவர்கள்தானே, இதில் என்ன அடையாளம்?’ என்று சிலர் கேட்பார்கள். முத்துக்குளிப்பு உரிமைக்கான போட்டியில் நெருக்கடிக்கு உள்ளான பட்டங்கட்டிகள் என்ற பரதவர் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுக்கீசியரின் துணையைக் கேட்டது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்து, கத்தோலிக்கக் குருக்களை விரட்டியபோது, அந்தத் துணையே இல்லாமல் போனது. மதத்துக்கு வந்த காரணம் அதுமட்டுமாக இருந்திருந்தால் அன்றைக்கே எல்லாம் கலைந்திருக்கும். பரதவர்கள் புதிய ஆட்சியாளரின் மதத்துக்குப் போகவில்லை. பனிமய மாதாவை விடவில்லை. தேவைக்குத் தொடங்கிய ஒன்று தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டதால் அவர்களுடையதாகிவிட்டது. பிறப்பைவிட இந்தப் பேணலுக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

அப்படியானால் இரத்தவழியைத் தேடுவது வீண்தானா என்று நீ கேட்கலாம். வீணே இல்லை, தேடு. ஆனால் பெயர் தகப்பன் வழி ஒன்றையே காட்டும். பாட்டிமார், பூட்டிமார் அதற்குள் காணாமல் போகிறார்கள் என்பதுதான் எனக்குள்ள ஆதங்கம். அவர்களைத் தேடப் பங்கு ஏடுகளைப் பார். 1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம், திருமணங்களைப் பங்குக் குருக்கள் ஏட்டில் எழுதிவைக்க வேண்டும் என்றும், ஞானஸ்நானத்தில் ஞானப்பெற்றோர் பெயரையும் குறிக்க வேண்டும் என்றும் விதித்தது. அந்த ஞானப்பெற்றோர் பெயர்களைக் கவனமாகப் படி. யார் யாரை நம்பிப் பிள்ளையை ஒப்படைத்தார்கள் என்பது அங்கே தெரியும். உன் அம்மாவழிப் பாட்டியின் ஊரை முதலில் விசாரித்துக்கொள். அந்தப் பங்குச் சாமியாரிடம் அனுமதி கேட்டு, அவளுடைய திருமணப் பதிவிலிருந்து தொடங்கு.

அன்புடன்,
மாமா