நேரலை அரசியல் உரைகளைக் கேட்குமாறு

அச்சுப் பத்திரிகைக்குப் பத்திராதிபர் உளர்; வானொலிச் செய்திக்கு முன்னரே எழுதிப் பார்வையிடப்பெற்ற உரை உண்டு. இக்காலத்து யூடியூப் நேரலைக்கோ இவ்விரண்டும் இல்லை. பேசுவோர் நாவினின்று புறப்பட்ட சொல் அக்கணமே கேட்போர் செவியை எட்டிவிடுகின்றது. ஆதலின், பத்திராதிபர் செய்துவந்த பணி இன்று கேட்போர்மேல் விழுந்துள்ளது. இதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

திருவண்ணாமலையினின்று செஞ்சிக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது கீழ்பென்னாத்தூர். இத்தகைய ஊர்களில் தேநீர்க்கடைப் பலகையிலமர்ந்து ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க, மற்றையோர் கேட்டு வாதிப்பது முன்னாள் வழக்கம். படிப்பவர் பிழைபடக் கூறின் அருகிருப்பவர் திருத்துவர். 2016ஆம் ஆண்டில் ஜியோ வந்தபின் இணையம் மலிந்தது. ஒவ்வொருவரும் தத்தம் கைப்பேசியில் தமக்குகந்த விமர்சகரையே கேட்கலாயினர். திருத்துவார் அருகில் இலர்.

இதனால் நன்மை இல்லை என்பது நம் கருத்தன்று. பெருமுதல் இல்லாதாரும் ஆள்வோரை வினவ இதனால் இயலுகின்றது. எனினும், விளம்பரத்தாலும், 2017இல் தோன்றிய சூப்பர் சாட் என்னும் காணிக்கையாலும் வருவாய் வருதலின், நிதானமான சொல்லினும் கடுஞ்சொல்லே கூட்டத்தைச் சேர்க்கின்றது.

இதன் விளைவை நம் நாட்டு வழக்குகளிற் காணலாம். சாட்டை துரைமுருகன் என்பார் 2021இல் முதலமைச்சரைப்பற்றிப் பேசியதன்பொருட்டுக் கைதானார். அவரது ஜாமீனை உயர்நீதிமன்றம் இரத்துச் செய்ய, 2024 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அதனை மீட்டளித்தது. யூடியூபிற் குற்றஞ்சாட்டுவோரையெல்லாம் தேர்தலுக்குமுன் சிறையிடப் புகுந்தால் எத்தனைபேரைச் சிறையிடுவது என்னுங் கருத்துப்பட நீதிபதி அபய் ஓகா வினவினார். அடுத்த மாதமே சவுக்கு சங்கர் என்பார், பெண் காவலரைப்பற்றி ஒரு பேட்டியிற் கூறியவற்றுக்காகக் கைதானார். பேட்டி கண்ட பெலிக்ஸ் ஜெரால்டும் கைதானார். சங்கரைக் குண்டர் சட்டத்தில் அடைத்த ஆணையை ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் இரத்துச் செய்தது. அரசின் கை அளவுகடத்தல் எளிது. நாவின் கடுமையும் பிறர் மானத்தைச் சுடும் என்னும் இரண்டும் இவற்றாற் புலனாம். பேசினவரையும் பேசவிட்டவரையும் சட்டம் தேடிச் சென்றது. கேட்டுப் பரப்பினவரை அவர்தம் மனச்சான்றே தேடவேண்டும்.

கேட்குமாறு யாங்ஙனம்? ஓர் உதாரணம் கூறுவோம். 2024 டிசம்பர் முதல்நாள், ஃபெஞ்சல் புயல் மழையால் திருவண்ணாமலையில் மலைச்சரிவு மண் சரிந்து எழுவர் மாண்டனர். இது செய்தி. அதற்கு அரசே காரணம் என்பது கருத்து. அரசின்பாற் பிழையே இல்லை என்பதும் கருத்தே. நேரலையில் இவை மூன்றும் ஒரே மூச்சிற் கலந்து வரும். கேட்போர் அவற்றைப் பிரித்தறிதல் வேண்டும். அடுத்து, கூறுவார் எதனைக்கொண்டு கூறினார் என வினவுக. இறுதியாக, மாறுபட்ட கட்சியாரின் உரையையும் ஒருமுறை செவிமடுக்க.

மாணவ நண்பர்களே, விடுமுறையில் நீங்கள் ஊர் செல்லுங்கால், பெற்றோரும் உற்றாரும் தாங்கேட்ட ஒன்றைக் கைப்பேசியிற் காட்டி, "இது மெய்யா?" என உங்களை வினவுவர். கற்றவர் என்று நம்பியே வினவுகின்றனர். அவர்களை எள்ளாது, உடனமர்ந்து செய்தி இது, கருத்து இது எனப் பிரித்துக் காட்டுமின். பண்டைத் தேநீர்க்கடைப் பலகையிற் பிழை திருத்தியவர்க்குரிய இடம் இன்று உங்களுக்கே உரியது.