வாயால் சொல்லிப் பார், பிறகு தட்டு

ஆமத்தூரில் பைத்தான் கற்க என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் முதல் கணக்கு, அம்மாவின் வாரக் கூலி. பட்டாசு வேலையில் பீஸ் ரேட் என்பதால் ஆறு நாளும் ஆறு தொகை. அதைக் கூட்டப் பத்து வரி எழுதிக்கொண்டு வருவார்கள்.

செய்ய வேண்டியவை

● கணக்கை முதலில் வாயால் சொல்லுங்கள். "இந்த வாரக் கூலியைக் கூட்டு" என்றுதானே வீட்டில் சொல்வோம்? ஆறு தொகையையும் 'கூலிகள்' என்ற பட்டியலில் வைத்துவிட்டால், பைத்தானிலும் சம்(கூலிகள்) என்றால் முடிந்தது. அதிகம் கிடைத்த நாளுக்கு மேக்ஸ், குறைந்த நாளுக்கு மின். ஒரே ஒருமுறை லூப் போட்டுக் கையால் கூட்டிப் பாருங்கள்; உள்ளே நடப்பது புரிந்ததும் அதை விட்டுவிடுங்கள்.

● 600 தீப்பெட்டி ஒரு பண்டல். 5000 பெட்டிக்கு எத்தனை பண்டல், மீதி எத்தனை? டிவ்மாட்(5000, 600) இரண்டையும் சேர்த்தே தரும்: 8, 200.

● பெயர் புரியும்படி இருக்கட்டும். 2008-இல் வந்த பைத்தான் 3 முதல் மாறிக்கு 'கூலி' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம்.

செய்யக்கூடாதவை

● மாறிக்கு 'சம்' என்று பெயர் வைக்காதீர்கள். ஒரு மாணவி அப்படி வைத்துவிட்டு, பின்னால் சம்(கூலிகள்) என்று எழுதியபோது 'இன்ட்-ஐ அழைக்க முடியாது' என்று பிழை வந்தது. ஒரு மணி நேரம் தேடினாள். கூட்டும் ஃபங்ஷனின் பெயரை அவளுடைய எண் பிடித்துக்கொண்டிருந்தது.

● ரேஞ்ச்(லென்(கூலிகள்)) வேண்டாம். சி மொழியை முதலில் படித்தவர்களுக்கு இந்தப் பழக்கம் லேசில் போகாது. 'ஃபார் கூலி இன் கூலிகள்' போதும். எத்தனையாவது நாள் என்றும் வேண்டுமா? எனுமரேட் இருக்கிறது.

● '== ட்ரூ' எழுதாதீர்கள். இஃப் கேட்பதே அதைத்தான்.

● சுருக்கம் என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் திணிக்காதீர்கள். மறுநாள் உங்களுக்கே புரியாது.

● தமிழ்ச் சொல்லின் எழுத்தை எண்ண லென்-ஐ நம்பாதீர்கள். 'ஆமத்தூர்' நமக்கு 5 எழுத்து: ஆ, ம, த், தூ, ர். லென் 8 என்கிறது. இரண்டு புள்ளியையும் தூவின் ஊகாரக் குறியையும் தனித்தனியாக எண்ணிவிடுகிறது. இதற்கென்றே தமிழர்கள் எழுதி இலவசமாகத் தந்திருக்கும் ஓப்பன்-தமிழ் நூலகத்தில் கெட்_லெட்டர்ஸ் இருக்கிறது. அது சொல்லை நம் எழுத்துகளாகவே பிரித்துத் தரும். அந்தப் பட்டியலுக்கு லென் போட்டால் 5.