பழைய விசைப்படகின் இயந்திரம்: வாங்குமுன் சோதிக்கும் முறை

மேற்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லலாகாது என்பது விதி. மும்பையின் வெர்சோவா, மட், செம்பூரை அடுத்த மாஹுல் ஆகிய மீனவர் குடியிருப்புகளில் அந்நாட்களில் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கின்றனர். தாராவியிலும் ஒரு கோலிவாடா உண்டு. எனினும் மாஹிம் கழிமுகம் தூர்ந்து மாசடைந்த பின்னர் அங்கு மீன்பிடித் தொழில் நலிந்துவிட்டது.

பழைய படகு வாங்க எண்ணுபவருக்கு இந்த இடைவேளை வசதியாகத் தோன்றும். நாரளி பௌர்ணமியன்று கடலுக்குத் தேங்காய் படைத்துத் தொழிலைத் தொடங்குவது கோலி மக்களின் மரபாதலால், அதற்குள் படகைக் கைப்பற்றிவிட வேண்டும் என்ற அவசரமும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் இயந்திரத்தைச் சோதிப்பதற்கு இதைவிடப் பொருந்தாத காலம் வேறில்லை. கரையில் நிற்கும் படகின் டீசல் இயந்திரத்தை, குழாய் வழியே நீரூட்டிச் சற்று நேரம் ஓட்டிக் காட்டலாம். அப்போது அது சுமையின்றியே சுழலும். சுமையில்லாத நிலையில் தேய்ந்த இயந்திரமும் நல்ல இயந்திரமும் ஏறக்குறைய ஒரே குரலில்தான் பேசும்.

ஆகவே சோதனையை இரு கட்டங்களாகப் பிரித்துக்கொள்வது நலம். முதலாவது கரையில் செய்வது. இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே அதைப் பார்க்க வேண்டும். வாங்குபவர் வருமுன் விற்பவர் அதை ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால், காலையில் கிளம்ப மறுக்கும் குறை மறைந்துபோகும். எனவே சென்றவுடன் இயந்திரத்தின் உடலைக் கையால் தொட்டுப் பார்ப்பது முதல் வேலை.

அடுத்து எண்ணெய். அளவுகோலை உருவிப் பார்க்கையில் எண்ணெய் கறுப்பாக இருப்பது டீசல் இயந்திரத்துக்கு இயல்பே. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது என்று பொருள். தலைப்பகுதியின் அடைப்புத் தகடு கெட்டிருக்கலாம். குளிர்விப்பானில் கசிவு இருக்கலாம். சிலிண்டர் உடலிலேயே வெடிப்பு இருக்கவும் கூடும். எண்ணெய் நீர்த்து, டீசல் வாடை வீசினால் எரிபொருள் பம்பையோ நாசிலையோ ஐயுற வேண்டும். இதற்கு மாறாக, முந்தைய நாள்தான் ஊற்றியது போல் எண்ணெய் பளபளவென்று இருந்தால், ஏன் மாற்றினார்கள் என்று கேட்பதில் தவறில்லை.

கடல் நீரால் குளிரும் இயந்திரத்தில் உப்பே பெரும் பகை. இரண்டு மாதம் ஓய்ந்திருக்கும்போது நீர்ப்பாதைகளில் தேங்கிய உப்புநீர் உள்ளிருந்தே அரித்துக்கொண்டிருக்கும். புகைபோக்கி வளைவு, நீர்ப்பம்பு, குளிர்விப்பானின் மூடிகள் ஆகிய இடங்களில் துருவும் வெண்ணிற உப்புப் படிவும் தெரிகின்றனவா என்று விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும். புதிதாகப் பூசிய வண்ணத்தை நம்பி இந்த வேலையைத் தவிர்த்துவிடக் கூடாது. வண்ணத்துக்குக் கீழே திருகாணிகளின் முனைகள் மழுங்கியிருந்தால் இயந்திரம் பலமுறை பிரிக்கப்பட்டிருக்கிறது என்று ஊகிக்கலாம்.

சிலிண்டர்களின் அமுக்கத்தைத் தேர்ந்த மிஸ்திரி ஒருவரைக் கொண்டு அளக்கச் செய்வது செலவுக்குத் தகுந்த பயன் தரும். தயாரிப்பாளர் குறித்துள்ள அளவோடு ஒப்பிடுவதுடன், சிலிண்டருக்குச் சிலிண்டர் உள்ள வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். ஐந்து சிலிண்டர்கள் ஒத்திருக்க ஆறாவது மட்டும் மிகத் தாழ்ந்திருந்தால், அந்த ஒன்றின் வளையமோ வால்வோ பழுதாகியுள்ளது.

இரண்டாம் கட்டம் கடலில் நடைபெற வேண்டியது. தடைக்காலம் முடிந்தபின் வெள்ளோட்டம் பார்த்தே இறுதித் தொகையைத் தருவதாக எழுத்தில் உடன்படிக்கை செய்துகொள்ளலாம். விற்பவர் இதற்கு முற்றிலும் இசையாவிடில் அதுவே ஒரு தகவல்தான். வெள்ளோட்டத்தில் படகைச் செலுத்தும் தண்டேலின் அருகிலிருந்து கவனிப்பது நல்லது. படகுத் தலைவனைக் குறிக்கும் இச்சொல் ‘தண்டல்’ என்ற வடிவில் தமிழிலும் உண்டு.

இயந்திரத்தின் தகட்டில் நிமிடத்துக்கு 1800 சுற்றுகள் என்று குறித்திருந்தால், முழுவேகத்தில் அது அந்த அளவை எட்ட வேண்டும். 1600ஐத் தாண்டாமல் கரும்புகை கக்கினால், காற்று போதவில்லை அல்லது சுமை மிகுந்துள்ளது. இங்கே அவசரப்பட்டு இயந்திரத்தைப் பழிக்கலாகாது. அடிப்பகுதியில் சிப்பி படிந்திருந்தாலும், பொருத்தமற்ற பெரிய சுழல் விசிறியைப் பூட்டியிருந்தாலும் இதே விளைவு உண்டாகும். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். கிளம்பும்போது தோன்றி மறையும் வெண்புகை பொருட்டன்று. சூடேறிய பின்னும் அது நீடித்தால் நாசில் கோளாறோ நீர்க்கசிவோ இருக்கிறது. அரைமணி நேரம் முழுவேகத்தில் ஓடிய பின்னும் வெப்பமானி ஓரிடத்தில் நிலைத்து நிற்க வேண்டும். கியர் பெட்டியை முன்னும் பின்னும் மாற்றி, தாமதமோ இடியோசையோ உண்டா என்றும் கேட்க வேண்டும்.

இவ்வளவு முயற்சி எதற்கு என்பதற்கு ஒரு கணக்கு. ஓர் இயந்திரம் மணிக்கு 14 லிட்டர் டீசல் குடிப்பதாகவும், ஆண்டில் 200 நாட்கள், நாளுக்கு 10 மணி நேரம் ஓடுவதாகவும் கொள்வோம். தேய்மானத்தால் செலவு பத்து விழுக்காடு கூடினால், ஆண்டுக்கு 2,800 லிட்டர் வீணாகிறது. லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் 2,52,000 ரூபாய். கடன் வாங்கிப் படகு எடுத்த குடும்பத்துக்கு இது தவணையோடு போட்டியிடும் தொகை. விலையில் ஐம்பதாயிரம் குறைத்து வாங்கிய மகிழ்ச்சி முதல் ஆண்டிலேயே தீர்ந்துவிடும்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, இயந்திரத்தில் பொறித்துள்ள எண்ணும் பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் ஒன்றாக இருத்தல் வேண்டும். மீன்பிடி உரிமம் 1981ஆம் ஆண்டு மகாராஷ்டிரக் கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வழங்கப்படுவது. இந்த மாநிலத்தில் டீசல் வரிச்சலுகை மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் வழியாகக் கிடைப்பதால், பழைய உரிமையாளர் சங்கத்துக்கு வைத்துள்ள பாக்கியை முன்னரே விசாரித்தறிவது முக்கியம். படகின் மீது வங்கிக் கடன் நிலுவையில் உள்ளதா என்பதையும் கேட்டறிய வேண்டும். கடன் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அலுவலர், படகின் நீளத்தையும் வயதையும் குறித்துக்கொள்வதோடு நில்லாமல், அமுக்கச் சோதனையின் அளவுகளையும் வெள்ளோட்டக் குறிப்பையும் கோப்பில் சேர்க்கும்படி கேட்கலாம்.