இண்டிகேட்டரை வேகமாக மினுக்கவிட்டால் வழக்கா?

கேள்வி: நான் திண்டுக்கல்லில் வசிக்கிறேன். 2013-இல் வாங்கிய பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். தொழில் நிமித்தம் நான்குவழிச் சாலையில் அடிக்கடி மதுரைக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. வலது பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டாலும் பின்னால் வருகிறவர்கள் கண்டுகொள்வதே இல்லை. என் அக்கா மகன் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவன். வீட்டு வாசலிலேயே வைத்து நான்கு இண்டிகேட்டர் பல்புகளையும் கழற்றிவிட்டு எல்.இ.டி. பல்பு போட்டான். ஆன்லைனில் வாங்கிய ஒரு ரிலேயையும் மாட்டினான். அதில் உள்ள சின்னத் திருகைத் திருப்பினால் மினுக்கும் வேகம் கூடும், குறையும். நன்றாகவே கூட்டி வைத்திருக்கிறோம். இப்போது எல்லாரும் கவனித்து வழிவிடுகிறார்கள். சென்ற வாரம் வாகனச் சோதனையில் ஓர் அதிகாரி, "இது ஆல்ட்ரேஷன். அஞ்சாயிரம் ஃபைன், ஜெயில்கூட உண்டு" என்று எச்சரித்து அனுப்பினார். சொந்தக் கார், சொந்த வீட்டில் செய்த வேலை. கலரையோ இன்ஜினையோ தொடவில்லை. இது குற்றமா? ஆர்.சி.யில் பதிய வேண்டுமா? இன்ஷூரன்ஸுக்குச் சிக்கல் வருமா?

— வாசகர், திண்டுக்கல்

பதில்: வேகத்தைக் கூட்டியதே குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எவ்வளவு கூட்டினீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 102-ஆம் விதியைப் பாருங்கள். திரும்பும் திசையைக் காட்டும் விளக்கு அம்பர் நிறத்தில் இருக்க வேண்டும்; நிமிடத்துக்கு 60 முறைக்குக் குறையாமலும் 120 முறைக்கு மிகாமலும் மினுக்க வேண்டும்; முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் தெளிவாகத் தெரிய வேண்டும். இப்படிப் பொருத்தினால் மட்டும் போதாது, இப்படியே பராமரிக்கவும் வேண்டும் என்பது அந்த விதி. ஆகவே "ஷோரூமிலிருந்து வரும்போது சரியாகத்தான் இருந்தது, பிறகுதான் மாற்றினோம்" என்பது பதிலாகாது.

முதலில் உங்கள் கார் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துவிடுவோம். காரை நிழலில் நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டு, இடது இண்டிகேட்டரைப் போடுங்கள். அக்கா மகனைப் பின்னால் நிற்கச் சொல்லி, செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து 15 விநாடிக்கு எத்தனை முறை எரிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். உள்ளே உட்கார்ந்து "டிக் டிக்" சத்தத்தை எண்ண வேண்டாம். விளக்கு எரியும்போது ஒரு சத்தம், அணையும்போது ஒரு சத்தம் வரும், கணக்கு இரட்டிப்பாகிவிடும். 15-லிருந்து 30-க்குள் வந்தால் விதிக்கு உட்பட்டது. 30-ஐத் தாண்டினால் விதிமீறல். வலது பக்கத்துக்கும் இதையே செய்யுங்கள், இன்ஜினை நிறுத்திவிட்டும் ஒரு தடவை பாருங்கள். விலை குறைந்த ரிலேக்கள் பேட்டரி வோல்ட்டேஜுக்குத் தகுந்தபடி ஆடும்.

"நன்றாகவே கூட்டி வைத்திருக்கிறோம்" என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் 30-க்குள் நிற்காது என்றே தோன்றுகிறது.

இந்த 120 என்ற எண்ணை யாரோ அலுவலகத்தில் உட்கார்ந்து மனம்போனபடி போட்டுவிடவில்லை. உங்கள் காரில் முதலில் இருந்தவை 21 வாட் பல்புகளாக இருந்திருக்கும். ஒரு பக்கத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ரிலே அவற்றுக்குப் போகும் கரண்டை அளந்துகொண்டே இருக்கும். ஒரு பல்பு ஃபியூஸானால் கரண்ட் பாதியாகக் குறையும்; உடனே ரிலே மினுக்கும் வேகத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிவிடும். "பல்பு போய்விட்டது, பார்" என்று ஓட்டுநருக்குச் சொல்வதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். எல்.இ.டி. மிகக் குறைந்த கரண்டையே இழுக்கும். அதனால் பழைய ரிலேயை அப்படியே விட்டு எல்.இ.டி. மட்டும் போட்டாலும் வேகம் தானாகக் கூடிவிடும். பட்டறைக்காரர்கள் எல்லாரும் அறிந்த விஷயம் இது.

சாலையில் பழகிய ஓட்டுநருக்கு வேகமாக மினுக்கும் இண்டிகேட்டர் என்றால் பல்பு போன வண்டி என்று அர்த்தம். போதாக்குறைக்கு, இப்போது வரும் சில கார்களில் 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகும்போது சடன் பிரேக் அடித்தால் பின்விளக்குகள் நொடிக்கு நான்கு முறை அளவில் படபடவென்று மினுக்கும். அது கம்பெனியே வைத்துத் தருகிற, தரக்கட்டுப்பாட்டு விதிகள் அனுமதித்த அவசர சிக்னல். நான்குவழிச் சாலையில் உங்களுக்குப் பின்னால் 100-இல் வருகிறவர் உங்கள் காரைப் பார்த்து அதுதான் என்று நினைத்துப் பிரேக்கை மிதித்தால், அவருக்குப் பின்னால் வருகிற லாரிக்கு யார் பொறுப்பு? அவர்கள் வழிவிடுவதாக நீங்கள் நினைக்கிறீர்கள். பாதிப் பேர் என்னவோ ஏதோ என்று ஒதுங்குகிறார்கள் என்பது என் ஊகம்.

இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. திருகு வைத்த ரிலே பல்பை அளப்பதில்லை. நீங்கள் வைத்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். நாளைக்குப் பின்பக்க எல்.இ.டி. ஒன்று செத்துப்போனால் உங்கள் காதுக்கு அதே டிக் டிக்தான் கேட்கும். விளக்கே இல்லாமல் நீங்கள் வலது பக்கம் திரும்பிக்கொண்டிருப்பீர்கள்.

இனி அந்த அதிகாரி சொன்ன "ஆல்ட்ரேஷன்". மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் ஆகிவிடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து மேல்முறையீடாக வந்த ஒரு வழக்கில், 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகவே படித்தது: தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு முரணாக வண்டியை மாற்ற முடியாது, மற்ற விதிகளைக் காட்டி அதைச் சமாளிக்க முடியாது என்றது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு பம்பர் முதல் சைலன்சர் வரை எதைக் கண்டாலும் "ஆல்ட்ரேஷன்" என்று சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. ஆனால் அதே 52-ஆம் பிரிவின் அடியில் ஒரு விளக்கம் இருக்கிறது. அந்தப் பிரிவைப் பொறுத்தவரை ஆல்ட்ரேஷன் என்பது வண்டியின் கட்டமைப்பில் செய்யும் மாற்றம், அதனால் அதன் அடிப்படைத் தன்மையே மாறியிருக்க வேண்டும். இண்டிகேட்டர் எத்தனை முறை மினுக்கும் என்று எந்த ஆர்.சி.யிலும் எழுதியிருப்பதில்லை. ஒரு ரிலேயை மாற்றியதால் காரின் கட்டமைப்பு மாறிவிடுவதில்லை. 52-ஆம் பிரிவு உங்கள்மேல் பாயாது என்றே நான் வாதிடுவேன். ஆர்.சி.யில் பதியவும் தேவையில்லை, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதற்கென்று ஒரு படிவமும் கிடையாது. மனு எழுதிக்கொண்டு போய் நிற்காதீர்கள்.

ஐயாயிரம் என்று அவர் சொன்னது வேறு பிரிவு. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4). சட்டமோ விதிகளோ அனுமதிக்காத வகையில் உரிமையாளர் வண்டியை மாற்றினால், உதிரிபாகத்தைப் பின்னர் பொருத்தி மாற்றுவதும் இதில் சேரும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். இங்கேதான் உங்கள் ரிலே மாட்டிக்கொள்கிறது. 52-ஆம் பிரிவில் உள்ள விளக்கம் அந்தப் பிரிவுக்கு மட்டுமானது என்றும், 102-ஆம் விதியை மீறும்படி ரிலே பொருத்துவது "விதிகள் அனுமதிக்காத மாற்றம்" என்றும் அரசுத் தரப்பு சொல்லலாம். கட்டமைப்பு மாறாத சிறு வேலைக்கு இவ்வளவு கடுமையான பிரிவா என்று நாம் எதிர்வாதம் வைக்கலாம். ஜெயிக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால் திருகைச் சற்றே திருப்பி வைத்தால் தீருகிற விஷயத்துக்காக மாஜிஸ்திரேட் கோர்ட் வாசலில் வாய்தாவுக்கு வாய்தா நிற்பதா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் 177-ஆம் பிரிவில் சலான் எழுதி முடித்துவிட வழியுண்டு. முதல் தடவை 500 ரூபாய், மறுபடியும் மாட்டினால் 1,500. சற்றுக் கண்டிப்பானவர் 190(1)-ஐ எடுப்பார். ஆபத்து விளைவிக்கக்கூடிய பழுது இருப்பது தெரிந்தே வண்டியை ஓட்டினால் 1,500 ரூபாய். அந்தப் பழுதால் விபத்தாகி யாருக்காவது காயமோ சொத்துக்குச் சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 அபராதம் அல்லது இரண்டும். சாலைப் பாதுகாப்புத் தரத்தை மீறியதற்கான 190(2) இன்னும் கனமானது: மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், அதோடு மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் தகுதி இழப்பு. ஆர்.டி.ஓ. நினைத்தால் 53-ஆம் பிரிவின்கீழ் உங்கள் விளக்கத்தைக் கேட்டபின், குறையைச் சரிசெய்யும்வரை பதிவை நிறுத்திவைக்கலாம். இண்டிகேட்டருக்காக மட்டும் காரைப் பிடித்துவைக்க 207-ஆம் பிரிவில் இடமில்லை. அப்படி யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டாம்.

"சொந்த வீட்டில் செய்தது" என்கிறீர்கள். 190 பொது இடத்தில் ஓட்டினால்தான் வரும். கார் உங்கள் ஷெட்டிலேயே நின்றால் எவ்வளவு வேகமாக மினுக்கினாலும் கேட்பாரில்லை. ஆனால் 182ஏ(4) மாற்றிய உரிமையாளரைப் பிடிக்கிறது. வேலை பட்டறையில் நடந்ததா, வாசலில் நடந்ததா என்று அது கேட்பதில்லை. உங்கள் அக்கா மகன் பெயரும் அதில் வராது. கார் யார் பேரிலோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் காரால் மூன்றாம் நபர் அடிபட்டால் அவருக்கு நஷ்டஈடு தரும் கடமை கம்பெனிக்கு உண்டு. எந்தெந்தக் காரணம் சொல்லி அது தப்பிக்கலாம் என்று 150-ஆம் பிரிவில் பட்டியலே இருக்கிறது. இண்டிகேட்டர் ரிலே மாற்றியது அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் காருக்கே ஏற்படும் சேதத்துக்கான கிளெய்மில்தான் தகராறு வரும். வண்டியை நல்ல நிலையில் பராமரிக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒவ்வொரு பாலிசியிலும் அச்சடித்திருக்கும், நாம்தான் படிப்பதில்லை. ஒயரிங் கருகித் தீப்பிடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். சர்வேயர் டேஷ்போர்டுக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்ப்பார். இன்சுலேஷன் டேப் சுற்றிய இரண்டு ஒயர்களும், கம்பெனியுடையது அல்லாத ஒரு ரிலேயும் அங்கே தொங்கினால், அவர் ரிப்போர்ட்டின் முதல் வரி அதுதான். தீக்கும் ரிலேக்கும் சம்பந்தமே இல்லை என்று நிரூபிக்க நீங்கள் நுகர்வோர் ஆணையத்துக்கு அலைய வேண்டிவரும்.

வலது பக்கம் திரும்பும்போது பின்னால் வந்தவர் மோதி உங்களுக்கே காயம் என்றால், மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் இந்த இண்டிகேட்டரைக் கட்டாயம் எடுப்பார். விதிமீறல் இருந்தது என்பது மட்டும் உங்கள் பங்குக் கவனக்குறைவு ஆகிவிடாது, விபத்துக்கும் அதற்கும் தொடர்பைக் காட்ட வேண்டும். ஆனால் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பிய இடத்திலேயே விபத்து என்றால் அந்தத் தொடர்பைக் காட்டுவது அவருக்கு அவ்வளவு கஷ்டமில்லை.

2013 வண்டி என்பதால் 2028-இல் 15 ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க எஃப்.சி.க்குப் போவீர்கள். அங்கே மோட்டார் வாகன ஆய்வாளர் முதலில் போடச் சொல்வதே விளக்குகளைத்தான்.

என்ன செய்யலாம்? பழைய 21 வாட் பல்புகளும் பழைய ரிலேயும் வீட்டில் கிடந்தால் திரும்ப மாட்டிவிடுங்கள். எல்.இ.டி.தான் வேண்டும் என்றால் வேகத்தை நிமிடத்துக்கு 80, 90 முறையில் நிறுத்தி, அந்தத் திருகு சாலை அதிர்வில் நகராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் அம்பர்தானா என்றும் பாருங்கள், சில எல்.இ.டி.கள் வெள்ளையாகவே எரியும், அது தனி விதிமீறல். பழைய ரிலேயை ஏமாற்ற ரெசிஸ்டர் போடச் சொல்லும் மெக்கானிக்குகளும் உண்டு. அது எரிகிற நேரத்தில் தொட்டால் கை பொசுங்கும். பிளாஸ்டிக் ஓரமாகக் கட்டினால் நான் மேலே சொன்ன சர்வேயர் வந்து நிற்பார்.

பின்னால் வருகிறவர்கள் கவனிப்பதில்லை என்ற உங்கள் குறை நியாயமானது. பெரும்பாலும் அதற்குக் காரணம் மங்கிப்போன விளக்குக் கண்ணாடியும் துருப்பிடித்த ஹோல்டரும்தான். பத்தாண்டு வெயில் தின்ற கண்ணாடியை மாற்றிவிட்டு, திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே இண்டிகேட்டரைப் போட்டுப் பாருங்கள். தயவுசெய்து, சந்திப்பில் நேராகப் போகிறேன் என்று காட்ட நான்கு விளக்கையும் போடும் நம்மூர் வழக்கத்துக்கு மாறிவிடாதீர்கள். பக்கவாட்டில் வருகிறவருக்கு ஒரு விளக்குதான் தெரியும். அவர் நீங்கள் அவர் பக்கமே திரும்புகிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார்.

இதற்கிடையில் சலான் வந்துவிட்டால் தொகையைப் பார்க்குமுன் பிரிவைப் பாருங்கள். 177 என்றால் கட்டிவிட்டு, சரிசெய்த இண்டிகேட்டரைத் தேதி தெரியும்படி ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 182ஏ(4) என்று இருந்தால் அவசரப்பட்டு ஆன்லைனில் கட்டிவிடாதீர்கள். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். நாளைக்கு ஒரு விபத்துக் கிளெய்மில் அதுவே உங்களுக்கு எதிரான தாளாக வரும். சலானையும் பழைய ரிலேயையும் எடுத்துக்கொண்டு திண்டுக்கல்லிலேயே மோட்டார் வாகன வழக்கு நடத்தும் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.