வில்லைக்கு ஒரு காவல்

கண்ணை இமை காக்கிறது. ஒளிப்படக் கருவிக்குக் கண்ணாக விளங்குவது அதன் வில்லை. நுட்பமாகக் கடைந்து மெருகிடப்பட்ட அவ்வில்லையின் முன்னே, ஒளிவடிகட்டி எனப்படும் தெளிந்த கண்ணாடித் தகடொன்றைத் திருகிப் பொருத்துவோர் பலர். அத்தகடு வில்லைக்குக் காவலாகுமா, அன்றிப் படத்துக்கு ஊறாகுமா என்பது ஆராயத்தக்கது.

இவ்வழக்கத்துக்குத் தக்க காரணம் உண்டு. படச்சுருள், நம் கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிர்களையும் பதிவு செய்யும் இயல்புடையது. உயர்ந்த மலைகளில் அக்கதிர்கள் மிகுதி. ஆதலின் ஆங்கு எடுத்த படங்களில் தொலைவிலுள்ள முகடுகள் நீலம் படர்ந்து மங்கித் தோன்றின. அக்குறையை நீக்கவே புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் வடிகட்டி பயன்பட்டது. இக்காலத்து எண்முறைக் கருவிகள் பெரும்பாலானவற்றில் அத்தடுப்பு உள்ளேயே அமைந்துள்ளது. பழைய தேவை நீங்கிற்று. காவல் என்னும் பயனே எஞ்சி நிற்கிறது.

காவலுக்கும் விலை உண்டு. பூச்சில்லாக் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். வடிகட்டிக்குப் பரப்புகள் இரண்டு. ஆகவே ஏறத்தாழ 8 பங்கு ஒளி வீணாகிறது. அவ்விழப்பினும் பெரிய கேடு ஒன்றுண்டு. இரவில் விளக்கொன்றைப் படமெடுக்கும்போது, வில்லையிலிருந்து மீளும் ஒளி வடிகட்டியில் பட்டு மீண்டும் உட்புகும். அதனால் படத்தில் இல்லாத விளக்கொன்று மங்கலாகத் தோன்றும்.

இக்குறைக்கு அறிவியல் மருந்து கண்டது. நாட்பட்டு நிறம் மங்கிய கண்ணாடி, புதிய கண்ணாடியினும் மிகுதியான ஒளியைச் செலுத்துவதை 1886-இல் இராலே பிரபு கண்டறிந்தார். 1935-இல் செருமனியின் செய்சு நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்சாந்தர் சுமக்குலா, வெற்றிடத்தில் கண்ணாடியின்மீது மெல்லிய பூச்சேற்றும் முறையை உருவாக்கினார். இன்று பல அடுக்குப் பூச்சுடைய நல்ல வடிகட்டியின் ஒரு பரப்பு, நூற்றுக்கு 1 பங்கினும் குறைவான ஒளியையே திருப்புகிறது. மலிவான தகட்டில் இந்நன்மையை எதிர்பார்த்தல் இயலாது. விலையுயர்ந்த வில்லையின் முன்னே தரங்குறைந்த கண்ணாடியை வைப்பது, நல்ல கண்ணுக்குப் பழுதான மூக்குக்கண்ணாடி அணிவிப்பதை ஒக்கும்.

அங்ஙனமாயின் வடிகட்டி வேண்டுமா, வேண்டாவா? இடமறிந்து முடிவு செய்தலே முறை. உப்பு நீர்த்திவலை தெறிக்கும் கடற்கரையிலும், மணற்காற்று வீசும் பாலையிலும், தீப்பொறி பறக்கும் பட்டறையிலும் அதனைப் பொருத்துதல் அறிவுடைமை. அடிக்கடி துடைப்பதால் கீறல் விழுந்தாலும் அது தகட்டோடு போகும், வில்லை பிழைக்கும். ஆனால், கருவி தவறி வீழுங்கால் மெல்லிய தகட்டைப் பெரிதும் நம்புதல் ஆகாது. அது உடைந்து, அதன் சில்லுகளே வில்லையைக் கீறுதலும் கூடும். அவ்வதிர்ச்சியைத் தாங்க, வில்லையைச் சூழ அமையும் மறைப்புக்குழலே ஏற்றது. இரவுக் காட்சியிலும், கதிரவனை எதிர்நோக்கி எடுக்கும் படத்திலும் வடிகட்டியைக் கழற்றிவிடுதல் நன்று.

இமை கண்ணைக் காப்பது மூடுவதனால் மட்டுமன்று. காணவேண்டிய பொழுதில் அது திறந்தும் விடுகிறது. கருவியைக் கையாள்வோரும் அப்பொழுதறிதலைக் கற்பாராக.