சொந்த வீடு கட்டுவோர் கவனத்திற்கு: தண்ணீருக்கு வழி விடுங்கள்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது பெரியோர் வாக்கு. நம் அன்பர்களில் சிலர் இந்நாட்டில் மனை வாங்கி, தாமே முன்நின்று வீடு கட்டுகிறார்கள். சட்டமும் ஓரளவு இடம் தருகிறது. டெக்ஸாஸில் தாம் குடியிருக்கும் சொந்த வீட்டிலும், நியூ ஜெர்ஸியில் தாம் குடியிருக்கும் தனி வீட்டிலும், உரிமையாளர் லைசென்ஸ் இன்றியே குழாய் வேலை செய்யலாம். கலிபோர்னியாவில் உரிமையாளரே பெர்மிட் எடுத்துக் கட்டலாம். லைசென்ஸ் வேண்டாம் என்பதால் பெர்மிட்டும் வேண்டாம் என்று எண்ணிவிடக் கூடாது. வேலை தொடங்குமுன் ஊர் கட்டட அலுவலகத்தில் கேட்டறிவது அவசியம்.

நம் ஊரில் செங்கல் சுவர். கழிவுக் குழாய் பெரும்பாலும் சுவருக்கு வெளியே இறங்கும். ஒழுகினால் கண்ணில் படும். இங்கோ மரச்சட்ட வீடு. குழாய்கள் சுவருக்குள் மறைந்துவிடுகின்றன. சிறு கசிவும் ஓசையின்றி மரத்தை உளுத்துப் போகச் செய்யும். ஆகவே தண்ணீர் எங்கே வரும், எப்படி வெளியேறும் என்பதே முதல் பாடம்.

குழாய் வேலை

சமையலறை, குளியலறைக் கழிவுக் குழாய்களுக்கு ஓர் அடி நீளத்திற்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும். அதாவது 12 அடிக்கு 3 அங்குலம். தொட்டியின் கீழுள்ள வளைகுழாயில் தேங்கும் நீர்தான் சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. கூரைக்கு மேல் செல்லும் காற்றுக் குழாய் சரியாக இல்லாவிட்டால், வேகமாக ஓடும் நீர் அந்தத் தேக்கத்தையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும்.

2021 பிப்ரவரியில் டெக்ஸாஸில் வந்த கடுங்குளிரில் ஏராளமான வீடுகளில் குழாய்கள் உறைந்து வெடித்தன. வெப்பப் பிரதேசந்தானே என்று பரணிலும் வெளிச்சுவரிலும் தண்ணீர்க் குழாயைக் கொண்டு செல்லாதீர்கள். தண்ணீரை முழுவதும் நிறுத்தும் வால்வு எங்கே உள்ளது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வெளிச்சுவர் ஸைடிங்

1995ஆம் ஆண்டு வட கரோலினாவின் வில்மிங்டன் நகரில், செயற்கைப் பூச்சு பூசிய பல புது வீடுகளில் சுவரின் உட்புறம் மரம் அழுகியிருந்தது தெரியவந்தது. ஜன்னல் ஓரங்களில் புகுந்த மழைநீர் வெளியேற வழியில்லாததே காரணம். ஸைடிங் எதுவானாலும் சிறிது நீர் உள்ளே போகத்தான் செய்யும். அதன் பின்னால் சுற்றும் காப்புத்தாளை, கூரைக்கு ஓடு வேய்வது போலக் கீழிருந்து தொடங்கி, மேல் தாள் கீழ்த்தாளின் மேல் படியுமாறு ஒட்டவேண்டும். ஜன்னலுக்கு முதலில் அடிப்பக்கம், பிறகு இரு பக்கம், கடைசியாக மேல்பக்கம். அடிப்பக்கத்தைப் பசையால் அடைத்துவிடக் கூடாது. புகுந்த நீர் அவ்வழியாகத்தான் வெளியேறும்.

வினைல் பலகை 12 அடி நீளத்தில், குளிருக்கும் வெயிலுக்கும் இடையே சுமார் அரை அங்குலம் நீளும், குறுகும். ஆணியைத் துளையின் நடுவில் அடித்து, ஒரு டைம் நாணயத்தின் கனம் இடைவெளி விடுங்கள். இறுக அடித்தால் பலகை நெளியும்.

நம் கோயில்களின் கொடுங்கையும் இக்கருத்தைக் கொண்டதே. ஆவுடையார்கோயிலில் அதன் அழகை வியக்கிறோம். மழைநீரைச் சுவரில் வழியவிடாமல் தள்ளி விழச் செய்வதும் அதன் வேலை.

சுவரை மூடுமுன் கேட்க வேண்டியவை

1. குழாய்களில் அழுத்தச் சோதனை முடிந்ததா?
2. இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்திட்டாரா?
3. ஒவ்வொரு சுவரையும் அளவுநாடாவுடன் படம் எடுத்து வைத்தாயிற்றா?

கிரகப்பிரவேசத்திற்கு நாள் குறித்துவிட்டோமே என்று இவற்றை அவசரப்படுத்த வேண்டாம். அடுத்த முகூர்த்தம் சில வாரங்களில் வரும். மூடிய சுவரை மறுபடி உடைப்பதற்கோ, பிள்ளைகளின் கல்லூரிக்கென்று சேர்த்த பணத்தில் கைவைக்க நேரிடும்.